ஆள் இல்ல

ஒண்ணுமில்ல சார், நீங்க உக்காருங்க. கண்டக்டர் விசில் ஊதினாருல்ல, அதுக்குக் கொஞ்சம் தூக்கிப் போட்டுருச்சு. உங்க மேல தண்ணி சிந்திருச்சா? மன்னிச்சுக்குங்க. மெட்ராஸ்லேருந்தே இதே கதைதான். நிக்கறதுக்கு ஒண்ணு, கெளம்பறதுக்கு ரெண்டுன்னு ஊதிக்கிட்டே வர்றாரு. அவரு வேலை அது, அவரைச் சொல்லி என்ன. ரெண்டு வரைக்கும் தாங்கிக்கிறேன். மூணாவதும் ஊதிருவாரோன்னு காத்துக்கிட்டே இருக்கேன் பாருங்க, அதுதான் முடியல.

நீங்க பெரம்பலூர்ல ஏறினீங்க, எங்க இறங்கறீங்க? திருச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடி டோல்கேட்ல இறங்கணும். இறங்கணும்னுதான் டிக்கெட்டு. இறங்குவேனான்னு எனக்கே தெரியல.

சத்தமாப் பேச வேணாம். அந்தா, மூணு சீட்டு முன்னாடி ஜன்னலோரமா, நீலச் சட்டை, வாயைத் தெறந்துகிட்டுத் தூங்கறான் பாருங்க. அவன் பேரு சகாயராஜ். அம்பு விடறவன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். மேல பலகைல நீளமா ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்கே, அதுக்குள்ள அம்பு. பக்கத்துல பையில வில்லு. பாங்காக்ல சர்வதேசப் போட்டி, ஆண்கள் தனிநபர் பிரிவு. பதினேழு நாட்டுக்காரங்க வந்திருந்தாங்க. அதுல நாலாவதா வந்துட்டுத் திரும்பறான். மூணாவது வந்திருக்கணும். மூணாவதுன்னா மெடலு. நாலாவதுக்குக் கை குலுக்கி அனுப்பிச்சுட்டாங்க.

நான் அவன் கூடப் போன மேனேஜர். பேரு பழனியாண்டி. மேனேஜருன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. திருச்சில எங்க கிளப்பு மைதானத்துல லைன் பாக்கறது என் வேலை. செக்ரட்டரிதான் போறதா இருந்துச்சு. இவன் ஒத்தைக் கால்ல நின்னுட்டான், பழனியாண்டி அண்ணன் வந்தாத்தான் போவேன்னு. என் மேல அவ்வளவு பிரியம். அப்படித்தான் சார் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன், போன சனிக்கிழமை வரைக்கும்.

இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? நீங்க மூணாம் மனுசர். முழுசாக் கேட்டுட்டு உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. டோல்கேட் வர்றதுக்குள்ள சொல்லிருங்க.

லைன் பாக்கறதுன்னா என்னன்னு சொல்றேன். அம்பு விடறவங்க எல்லாரும் ஒரே கோட்டுல நிப்பாங்க. எழுபது மீட்டர் தள்ளி டார்கெட்டு. எல்லாம் விசில்லதான் நடக்கும். ரெண்டு விசில்னா கோட்டுக்கு வரணும். ஒரு விசில்னா விடலாம். மூணு விசில்னா எல்லாரும் வில்லை வச்சுட்டுப் போயி அம்பைப் பிடுங்கிட்டு வரணும். மூணு ஊதிட்டா, இழுத்த வில்லா இருந்தாலும் இறக்கிரணும். அது சட்டம். உலகம் பூரா அதான் சட்டம். ஊதறவன் என்ன செய்யணும்னா, மூணு ஊதறதுக்கு முன்னாடி யாராவது இழுத்துக்கிட்டு நிக்கிறாங்களான்னு ஒரு தடவை பாக்கணும். பாத்துட்டு ஊதணும். அவ்வளவுதான் வேலை. இதுக்குப் படிப்பெல்லாம் வேண்டியதில்ல.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம். அன்னைக்கு மைதானத்துல மூணே பேரு. சகாயம், அப்புறம் ஹாஜா மைதீன்னு ஒருத்தன், அப்புறம் நானு. சகாயமும் ஹாஜாவும் ஒரே வண்டில வருவானுங்க, ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடுவானுங்க. ஹாஜா விட்டு முடிச்சுட்டான். சகாயம் கடைசி அம்பை இழுத்துக்கிட்டு நிக்கிறான். மூணு விசில் ஊதினாங்க. ஹாஜா விசில் கேட்டதும் விறுவிறுன்னு நடந்துட்டான். சகாயத்தோட முதுகுப் பக்கமா வந்து கோட்டைத் தாண்டிட்டான்.

வில்லுல கிளிக்கர்னு சின்னதா ஒரு தகடு இருக்கும் சார். அம்பை முழுசா இழுத்ததும் அது நழுவி டிக்குங்கும். அந்தச் சத்தம் கேட்டா விரலு தானா விட்டுரும். அப்படிப் பழக்கி வச்சிருப்பாங்க, வருசக்கணக்கா. அந்த டிக் அப்பத்தான் வந்துச்சு.

ஹாஜா சாகல. சாகலன்னு முதல்லயே சொல்லிடறேன். அம்பு காதைக் கிழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. வலது காது. ஒன்பது தையல். இன்னும் நாலு விரக்கடை உள்ள போயிருந்தா... அதை நான் நினைக்கறதில்ல. ஹாஜா காதைப் பொத்திக்கிட்டுக் குத்த வச்சு உக்காந்தான். விரலுக்கு நடுவுல ரத்தம் வழியுது. திரும்பிப் பாத்தான், என்னைப் பாக்கல, சகாயத்தைத்தான் பாத்தான். 'ஏண்டா'ன்னு ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் ரெண்டு வருசமா அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது.

கிளப்புல விசாரிச்சாங்க. நான் எழுதிக் குடுத்தேன். 'மூணு விசில் ஊதிய பிறகு சகாயராஜ் அம்பு விட்டார்.' இதான் எழுதினேன். இதுல ஒரு எழுத்து பொய் இருக்கா சொல்லுங்க? ஊதின பிறகுதானே விட்டான்? மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம்? அவனும் மறுத்துப் பேசல. 'ஆமா, நான்தான் விட்டேன்'னான். ஆறு மாசம் மைதானத்துப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாங்க.

ஊதினது யாருன்னா கேக்கறீங்க?

நல்லாக் கேட்டீங்க. இருந்ததே மூணு பேரு, அதுல ஒருத்தன் இழுத்துக்கிட்டு நின்னான், ஒருத்தன் நடந்தான். நான்தான் சார் ஊதினேன். டீக்காரரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு கேட்டைத் தாண்டப் போனாரு. கூப்பிட்டா அவருக்குக் காது கேக்காது, கையைத்தான் ஆட்டணும். எல்லாரும் விட்டு முடிச்சிருப்பாங்கன்னு கையை ஆட்டிக்கிட்டே ஊதிட்டேன். எம்முகம் ரோட்டுப் பக்கம் இருந்துச்சு. லைன்ல எவன் நிக்கிறான், எவன் இழுத்திருக்கான், ஒண்ணும் பாக்கல. ஒரு டீக்குத்தான் சார். அந்த டீயும் குடிக்கல.

இதை யாரும் கேக்கல. கேக்காதப்ப நாமளா எப்படிச் சொல்றது? ஆனா சகாயத்துக்கு நான் ஒரு குறையும் வைக்கல, அதையும் சொல்லிடறேன். அந்த ஆறு மாசமும் வாரா வாரம் அவன் வீட்டுக்குப் போவேன். 'விடுடா, நடந்தது நடந்து போச்சு, ஹாஜா மன்னிச்சுருவான்'னு தேத்துவேன். அப்படியே ஹாஜாவையும் போயிப் பாப்பேன். அவன் வில்லை எறிஞ்சுட்டு டோல்கேட்ல ஜூஸ் கடை போட்டுட்டான். நான் போனா எனக்கு மட்டும் ஐஸ் போடாம சாத்துக்குடி புழிஞ்சு குடுப்பான், சளி பிடிக்கும்னு. அவ்வளவு மரியாதை. அந்தக் காதுல கீழ்மடல் பாதி இல்ல சார். நான் டம்ளரைப் பாத்துக்கிட்டே குடிச்சுட்டு வந்துருவேன்.

சிறுவாச்சூர் தாண்டிருச்சா? சரி.

ஆறு மாசம் கழிச்சு சகாயம் மைதானத்துக்கு வந்தான். வில்லை இழுக்கறான், விட மாட்டேங்குறான். கிளிக்கர் டிக்குங்குது, விரல் விடல. அப்படியே இறக்கிடறான். திரும்ப இழுக்கறான், திரும்ப இறக்கறான். நாலு நாளு இப்படி. நாலு நாளும் ஒரு அம்பு போகல. அஞ்சாம் நாள் எங்கிட்ட வந்தான். 'அண்ணே, எனக்குப் பின்னாடி நில்லுங்க. ஒவ்வொரு அம்புக்கும் முன்னாடி ஆள் இல்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இழுப்பேன்.'

எனக்கு அழுகையே வந்துருச்சு. அத்தனை பேரு இருக்க எங்கிட்ட வந்து கேக்கறானே, என்ன நம்பிக்கைன்னு.

அன்னையிலேருந்து அதான் வழக்கம். ஒரு நாளைக்கு இருநூறு அம்பு. இருநூறு தடவை 'ஆள் இல்ல'. எனக்குக் காய்ச்சல் வந்தா அவனுக்கும் லீவு. வேற யாரு சொன்னாலும் இழுக்க மாட்டான். செக்ரட்டரி ஒருநாள் 'நான் சொல்றேம்ப்பா'ன்னு பின்னாடி நின்னாரு. 'இல்ல சார், அவருதான் சொல்லணும்'னு வில்லைக் கீழ வச்சுட்டான்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அந்த இருநூறு தடவைல ஒரு தடவைகூட நான் நிமிந்து பாத்ததில்ல. தலையைக் குனிஞ்சு அவன் குதிகாலைப் பாத்துக்கிட்டே சொல்லுவேன். நிமிந்து அந்தப் புல்லுத் தரையைப் பாத்தேன்னா அங்க ஹாஜா காதைப் பொத்திக்கிட்டுக் குந்தியிருப்பான். இருக்க மாட்டான், எனக்குத் தெரியாதா? ஆனா இருப்பான். அதனால பாக்கறதில்ல. மைதானத்துல ஆள் எங்க வரப்போகுது, வாய்க்குத் தெரிஞ்ச வார்த்தை, சொல்லிட்டுப் போறோம். இப்படியே ஒண்ணரை வருசம் ஓட்டிட்டேன். நான் பயந்தவன்னு நினைக்காதீங்க. பாம்பை வாலைப் புடிச்சுத் தூக்கிப் போட்டவன் நானு. இது ஒண்ணுதான்.

பாங்காக் போனோமா. அங்க விசில் கிடையாது, அதுல எனக்கு நிம்மதி. பஸ்ஸர், லைட்டு, ஓடற கடிகாரம். ஒருத்தன் மாத்தி ஒருத்தன் விடணும், அம்புக்கு இருபது வினாடி. கோச்சு நிக்கறதுக்குன்னு பின்னாடி தரையில சின்னதாக் கட்டம் போட்டிருப்பாங்க. அதுக்குள்ள நின்னு நாம பேசலாம். நான் நின்னேன், குனிஞ்சுக்கிட்டே 'ஆள் இல்ல, ஆள் இல்ல'ன்னேன். அவன் ஒவ்வொருத்தனா சாய்ச்சுக்கிட்டே போனான். ஜப்பான்காரன் போனான், துருக்கிக்காரன் போனான். அரையிறுதில மட்டும் தோத்தான். மிச்சம் மூணாவது இடத்துக்கு ஒரு மேட்ச்சு, கஜகஸ்தான்காரனோட.

அஞ்சுக்கு அஞ்சு சமம். அப்படி வந்தா ஆளுக்கு ஒரே ஒரு அம்பு. அதுல எவன் ஜெயிக்கிறானோ அவனுக்கு மெடலு. கஜகஸ்தான்காரன் முதல்ல விட்டான். காத்து தள்ளிருச்சு, பத்துக்கு எட்டுதான். எட்டு சார். சகாயம் தூக்கத்துல எந்திரிச்சு விட்டாலும் ஒன்பது விடுவான்.

பஸ்ஸர் அடிச்சுச்சு. இருபதுலேருந்து கடிகாரம் இறங்குது. அவன் வில்லைத் தூக்கிட்டு என் வார்த்தைக்கு நிக்கிறான். எனக்கு வாய் வரல. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. இத்தனை ஆயிரம் தடவை சொன்னவனுக்கு அன்னைக்கு வரல. கேலரில ஒரு சத்தம் இல்ல. சத்தமே இல்லாததுதான் காரணமோ என்னவோ. பதினாறு, பதினஞ்சு.

அப்ப அவன் திரும்பாமலே சொன்னான். மெதுவா, தமிழ்ல, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. 'அண்ணே, இந்தத் தடவையாவது பாத்துச் சொல்லுங்க.'

இதான் சார். இதுக்குத்தான் உங்களைப் புடிச்சு வச்சுக்கிட்டுப் பேசறேன். இந்தத் தடவையாவதுன்னா என்ன அர்த்தம்? நான் குனிஞ்சுக்கிட்டே சொல்றேன்னு எப்பவோ கண்டுபிடிச்சுட்டானா? அதைத்தான் சொன்னானா? அப்படித்தான் இருக்கும். வேற என்ன இருக்கப் போகுது. இல்ல அந்த டீக்காரரு வந்த அன்னைக்கா? கோட்டுல நின்னு இழுக்கும்போது ஓரக்கண்ணுக்கு நான் நிக்கற இடம் தெரியும். எம்முகம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரியும். நீங்க என்ன நினைக்கறீங்க? சரி, மிச்சத்தையும் கேட்டுருங்க.

நிமிந்துட்டேன். ரெண்டு வருசத்துல முதல் தடவையா நிமிந்து அந்தத் தரையைப் பாத்தேன். ஹாஜா இல்ல. வெறும் புல்லு. அப்படியே கண்ணு டார்கெட்டு வரைக்கும் போச்சு. டார்கெட்டுக்குப் பக்கத்துல, ஒரு பத்தடி தள்ளி, ஆளுங்க ஒதுங்கறதுக்கு ஒரு தடுப்பு வச்சிருப்பாங்க. அதுக்குப் பின்னாடி மஞ்சச் சட்டை போட்ட ஒரு பொண்ணு, அங்க வேலை பாக்கற பொண்ணு, கீழ விழுந்த எதையோ குனிஞ்சு எடுத்துச்சு. தலை ஒரு கால்வாசி வெளிய தெரிஞ்சுச்சு. அவ்வளவுதான். அதுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. சகாயம் கண்ணை மூடிக்கிட்டு விட்டாலும் பத்தடி தள்ளிப் போகாது. அங்க நின்ன நடுவர்களுக்கெல்லாம் அது ஒரு விசயமே இல்ல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி.

'ஆள் இருக்கு'ன்னுட்டேன்.

கத்திட்டேன்னு நினைக்கிறேன். சகாயம் வில்லை இறக்கிட்டான். அந்தப் பொண்ணு தலையை உள்ள இழுத்துக்கிச்சு. ஏழு வினாடி மிச்சம் இருந்துச்சு. அவன் விடற ஆளுக்கு அது போதும். நான் 'ஆள் இல்ல, இப்ப இல்ல, இழுடா'ன்னேன். அவன் இழுக்கல. தலை நிமிந்து கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நின்னான், சைபர் ஆகற வரைக்கும். அம்பு விடலன்னா பூஜ்யம். போச்சு.

திரும்பி என்னைப் பாத்தான். திட்டுவான், வில்லால ரெண்டு போட்டாலும் போடுவான்னு கட்டத்துக்குள்ள ஒடுங்கிக்கிட்டு நிக்கிறேன். அவன் சிரிச்சான் சார். ரெண்டு வருசமாச் சிரிக்காத பய. 'சரி அண்ணே'ன்னான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் பயம் வந்துச்சு. கோவப்பட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன்.

ஊர்லேருந்து செக்ரட்டரி போன்ல கேட்டாரு, என்னடா ஆச்சு, ஏன் விடலன்னு. ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சு, நான் பக்கத்துலதான் இருந்தேன். 'என் தப்பு சார், டைம் பாக்கல'ன்னுட்டான். நான் வாயைத் தெறந்தேன். தெறந்தேன் சார், சத்தியமா. அதுக்குள்ள அவரு வச்சுட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே படுத்தான், மறுநாள் காலையில நான்தான் எழுப்பினேன். குறட்டைன்னா அப்படி ஒரு குறட்டை. ராத்திரி தூக்கம் வரலன்னு ரெண்டு வருசமா மாத்திரை போட்டுக்கிட்டிருந்தவன். ப்ளேன்ல தூங்கினான். இந்தா இப்பவும் தூங்கறான். நான்தான் மூணு நாளாக் கண்ணை மூடல. மெடலு போன வருத்தத்துல தூங்கறான்னு நினைக்கிறேன். சில பேருக்குத் துக்கம் வந்தா தூக்கம் வரும்பாங்க.

சமயபுரம் ஆர்ச்சு தெரியுது பாருங்க. தாயே. வந்துருச்சு.

இன்னும் ஒண்ணு இருக்கு, சீக்கிரம் சொல்லிடறேன். மெட்ராஸ்ல பஸ் ஏறும்போது கண்டக்டர்கிட்ட 'டோல்கேட்டு ரெண்டு'ன்னு அவனாக் கேட்டு வாங்கினான். எங்க வீடு ரெண்டும் பஸ் ஸ்டாண்டு தாண்டித்தான் இருக்கு. 'எதுக்குடா டோல்கேட்டு'ன்னேன். 'ஹாஜா கடைக்குப் போலாம் அண்ணே, ரெண்டு பேரும்'னான். ரெண்டு வருசமா அந்தப் பக்கமே போகாதவன். எதுக்குக் கூட்டிட்டுப் போறான்? மன்னிப்புக் கேக்கவா? கேட்டா கேக்கட்டும், நான் எதுக்கு? அவங்க ரெண்டு பேரும் உக்காந்து அன்னைக்கு நடந்ததை ஒண்ணொண்ணாப் பேசினாங்கன்னா, நீ எங்க நின்ன, நான் எங்க நின்னேன், விசில் எப்ப வந்துச்சுன்னு பேசினாங்கன்னா, அடுத்த கேள்வி என்ன சார்? நீங்களே இப்பக் கேட்டீங்களே, அதான்.

நான் ஒண்ணு நினைச்சேன். இப்படியே உக்காந்துக்கறேன். தூங்கற மாதிரி இருந்துடறேன். உங்க கூடவே பஸ் ஸ்டாண்டுல இறங்கிக்கறேன். தலைவலின்னு சொல்லிக்கலாம். என்ன, அப்படிப் பாக்கறீங்க.

எந்திரிச்சுட்டான் சார். பாருங்க, டோல்கேட்டுன்னு கண்டக்டர் சொல்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டான். கொஞ்சம் வழி விடுங்க. நான் எதுக்கு எந்திரிச்சேன்னு தெரியல, காலு தானா வருது.

குழாயை இழுக்கறான். பின்னாடி முனை ஆளு மூஞ்சில இடிக்கும், பாத்து. 'பின்னாடி ஆள் இருக்கா'ங்கறான் சார். திரும்பிப் பாக்காமலே கேக்கறான்.

இருக்கேன்டா. நான்தான்டா நிக்கிறேன், பழனியாண்டி. கொஞ்சம் இரு, இறக்காத. சகாயம், அன்னைக்கு நான் பாக்கலடா. எம்முகம் ரோட்டுப் பக்கம் இருந்துச்சு. நீ இழுத்துக்கிட்டு நின்னதே எனக்குத் தெரியாது. பாக்காம ஊதிட்டேன். உன் தப்பு இல்லடா.

தெரியும்ங்கறான் சார். குழாயை இறக்கித் தோள்ல மாட்டிக்கிட்டே சொல்றான். 'எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. அவனுக்குத்தான் தெரியாது. வாங்க'ங்கறான்.

ஒரு விசில்தான். வண்டி நிக்குது. அந்தா கடை, பச்சைத் தார்ப்பாய் போட்டது. வாசல்லயே ஹாஜா நிக்கிறான், சாத்துக்குடி உரிச்சுக்கிட்டு. எங்களைப் பாத்துட்டான்.

சார், அந்தப் பையை எடுத்துக் குடுங்க. இறங்கறேன்.